குசினியில் இருந்து கேட்கும் தொலைக்காட்சி

திருகோணமலையில் மாலை ஏழு மணிக்குப் பிறகு ரீவி ஓடும். அதன் முன்னால் ஆள் இருப்பது நிச்சயமில்லை. குசினியில் இரவுக்குப் புட்டு அவியும். ஒருவர் திருவலையில் தேங்காய் திருவுவார், இன்னொருவர் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். முன்கூடத்துத் திரையில் யாரோ ஒரு மருமகள் அழுதுகொண்டிருப்பாள். அவள் எதற்காக அழுகிறாள் என்பது குசினிக்குள் நிற்பவருக்கு அச்சொட்டாகத் தெரியும்.

தெரியும்படிதான் அதை எழுதுகிறார்கள். தமிழ்ச் சீரியலின் அடிப்படைத் தொழில் கேட்க வைப்பது. பத்திரிகைகளில் வரும் ரீவி விமர்சனங்கள் பெரும்பாலும் கதையைச் சுருக்கிச் சொல்லி, ஒருவருடைய நடிப்பைப் புகழ்ந்து, "இழுவை" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். இழுவை எங்கே, எத்தனை விநாடி, ஏன் என்று கேட்டால் பதில் இராது. அதைக் காதால் அளந்து பார்ப்பது சுலபம்.

ஓர் இரவு நாடகம் ஓடும்போது ஐந்து நிமிடம் சத்தத்தை முழுதாக நிறுத்திப் படத்தை மட்டும் பாருங்கள். யாரோ கோபமாக இருக்கிறார், யாரோ பயந்திருக்கிறார், அவ்வளவுதான் பிடிபடும். அடுத்த ஐந்து நிமிடம் சத்தத்தை வைத்துவிட்டுத் திரைக்கு முதுகு காட்டி இருங்கள். கதை முழுவதும் கைக்கு வந்துவிடும். "என்ன அண்ணி, கையில பெட்டியோட வாசல்ல நிக்கிறீங்க?" என்று ஒரு வசனம் வரும். பார்ப்பவனுக்கு அது தேவையே இல்லை. பெட்டியும் தெரிகிறது, வாசலும் தெரிகிறது. கேட்பவருக்கோ அந்த ஒரு வரியில் பேசுவது யார், நிற்பது யார், இடம் எது, நடக்கப்போவது என்ன என்ற நாலும் வந்துவிட்டன. வானொலி நாடகம் எழுதியவர்களின் பழைய கைவேலை இது. இன்றைய சீரியல் எழுத்தாளர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு அதன் மேல் படத்தை ஒட்டுகிறார்.

அரைமணி நேர இடம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் நீட்டுகிற வேலை எங்கே நடக்கிறது என்று தெரியும். இங்கே ஓடும் நாடகங்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்து வருபவை. இந்தியாவில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. அரைமணிக்கு ஆறு நிமிடம். மற்ற நாடகங்களின் புரோமோவும் போக, பகுதி ஒன்றுக்கு 20 முதல் 22 நிமிடம் மிஞ்சும். அதிலும் முன்கதைச் சுருக்கம், தலைப்புப் பாட்டு, கடைசியில் "நாளைய பகுதியில்" என்று காட்டும் துண்டு. இவற்றையும் கழித்தால் புதிதாக நடப்பது கால்மணி நேரம் தேறினால் பெரிய காரியம்.

அந்தக் கால்மணிக்குள்ளும் முறைப்புக்கு ஒரு பங்கு உண்டு. கூடத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள், ஒருவர் ஒரு உண்மையை உடைக்கிறார். கமெரா ஏழு முகத்துக்கும் தனித்தனியே போகும். முகத்துக்கு இரண்டு மூன்று விநாடி. மாமியாருக்கும் மருமகளுக்கும் மட்டும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்ட. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு "டமார்". ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் போய்விட்டது. குசினியில் நிற்பவர் டமார்களை எண்ணியே சொல்லிவிடுவார்: நாலு என்றால் சின்னப் பிரச்சினை, பத்து என்றால் கல்யாணம் நின்றுவிட்டது.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது சரியான திட்டு இல்லை. வாரத்துக்கு ஆறு நாள் போகிற நாடகத்துக்கு நாளுக்கு ஒரு பகுதி அளவுக்கு எடுத்து முடித்தாக வேண்டும். வசனத் தாள் பல நேரம் படப்பிடிப்புத் தளத்துக்குத்தான் வந்து சேரும். கைவசம் முடித்து வைத்த பகுதிகள் சிலவே இருக்கும். ஒரு நடிகருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற ஆறு பேரின் முகம்தான் அன்றைய பகுதியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் வியாழக்கிழமை இருக்கிறது. இந்தியாவில் 2015 முதல் பார்வையாளர் கணக்கை வெளியிடும் பார்க் நிறுவனத்தின் வார அறிக்கை அன்றைக்குத்தான் வரும். சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம் என்று கணக்கு. புள்ளி இறங்கிய நாடகத்தில் அடுத்த சில வாரத்துக்குள் ஒரு கடத்தலோ நிச்சயதார்த்தமோ நடந்தே தீரும். கதை எங்கே திடீரென்று வளைந்தது என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தக் கணக்கை எடுக்கும் முறைதான் வேடிக்கை. ஒவ்வோர் அலைவரிசையின் ஒலிக்குள்ளும் காதுக்குக் கேளாத ஒரு குறியைப் பதித்து அனுப்புகிறார்கள். தெரிந்தெடுத்த வீடுகளில் வைத்த கருவி அந்தக் குறியைப் பிடித்து எந்த அலைவரிசை ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். ஆக, அளக்கும் பெட்டிகூடப் படத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைத்தான் கேட்கிறது. அந்தப் பெட்டிகள் எல்லாம் இந்திய வீடுகளில். பாலையூற்றிலோ மூதூரிலோ ஒரு தெருவே சலித்துப்போய் அலைவரிசையை மாற்றினாலும் சென்னையில் ஒரு புள்ளி அசையாது. இங்குள்ளவர்கள் அந்த நாடகங்களை ஒட்டுக்கேட்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒட்டுக்கேட்பதற்கு நேரமாவது இப்போது ஒத்துவருகிறது. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை மணிக்கூடு இந்தியாவை விட முந்தி ஓடியது, பெரும்பாலான காலம் அரைமணி. அங்கே எட்டரை என்றால் இங்கே ஒன்பது. சாப்பாட்டு நேரம் நாடகத்துக்காகத் தள்ளிப்போனது அந்தக் காலத்தில் தொடங்கிய பழக்கம்.

காது கொண்டு அளந்தால் எந்த நாடகம் தேறுகிறது? 2002 முதல் 2005 வரை சன் ரீவியில் போன, திருமுருகன் இயக்கிய மெட்டி ஒலி இன்றைக்கும் தேறும். பெயரே ஓர் ஓசை. ஐந்து பெண்களின் தகப்பனாக வந்த டெல்லி குமார் ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விடுவது கேட்கும். அந்த மூச்சுக்கு மேல் யாரும் வயலினைப் போட்டு மூடவில்லை. 2003இல் தொடங்கி 2009 வரை போன, திருச்செல்வம் இயக்கிய கோலங்கள் அதைவிடச் சத்தமான நாடகம். ஆனாலும் அலுவலகப் பேச்சு அலுவலகப் பேச்சாகவும் வீட்டுப் பேச்சு வீட்டுப் பேச்சாகவும் தனித்தனியே கேட்டது.

அதே திருச்செல்வம் 2022இல் எடுத்த எதிர்நீச்சல் இன்னும் தெளிவான உதாரணம். ஆதி குணசேகரனாக ஜி. மாரிமுத்து "ஏம்மா ஏய்" என்று கூப்பிடும்போது முன்கூடத்தில் இருந்தவரும் குசினியில் இருந்தவரும் ஒரே நேரம் நிமிர்ந்தார்கள். இத்தனைக்கும் அதற்கு டமார் தேவைப்படவில்லை. அவர் குரலைத் தாழ்த்தித்தான் பயமுறுத்தினார், சொல்லை மென்று பாதியில் விட்டுவிட்டுப் போனார். 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி அதே நாடகத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு மாரடைப்பு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர், முகத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கேட்பவர்களுக்கு அந்த வீட்டில் ஆள் மாறிவிட்டது. கதை அதே கதை, வசனத்தின் ஓட்டம் போய்விட்டது. 2024இல் நாடகம் முடிவதற்கு முன்பே பலருக்கு அது முடிந்துவிட்டிருந்தது.

மற்றப்படி இன்றைய நாடகங்களின் பெரிய குறை டப்பிங்கில் இருக்கிறது. நாயகிகள் பலர் கன்னடமோ மலையாளமோ பேசி வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர் மூடிய அறைக்குள் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பேசுகிறார். அதனால் நாயகி குசினியில் பேசினாலும், ஆஸ்பத்திரி நடையில் பேசினாலும், ஓடுகிற காருக்குள் பேசினாலும் குரல் ஒரே தூரத்தில் இருந்து வருகிறது. பின்னால் ஒரு பாத்திரம் உருளாது, ஒரு செருப்புச் சத்தம் கேளாது. அந்த வெறுமையை நிரப்பத்தான் கீபோட்டில் வாசித்த சோகத்தை இடைவிடாமல் ஓட விடுகிறார்கள். காது களைத்துப்போவதற்கு இதுதான் காரணம், கதையின் சோகம் இல்லை. திருகோணமலையில் சிங்களம் தெரிந்த வீடுகளில் சிங்கள நாடகத்துக்குத் தாவுவது ஏன் என்று கேட்டால் "அது அமைதியாப் போகும்" என்றுதான் பதில் வரும். இடத்திலேயே பதிந்த குரல், காற்று, கோழி, தூரத்தில் ஒரு பஸ். ஐரிஎன் அலைவரிசை 1987இல் தொடங்கிய கோப்பி கடே என்ற சிங்களத் தொடரில் தேநீர்க் கடைச் சத்தமும் ஒரு பாத்திரம்.

பிக் பொஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு குரல் ஆட்களை ஆட்டி வைக்கிற நிகழ்ச்சி, அதனால் அதுவும் காதுக்கான பண்டம்தான். 2017இல் தொடங்கி ஏழு பருவம் கமல்ஹாசன் நடத்தினார், 2024இல் விஜய் சேதுபதி வந்தார். கமல் முடிக்காத வசனத்துக்குள் சுற்றி வருவார், சேதுபதி நேரே கேட்டுவிடுவார். வாரக் கடைசியில் குசினி வேலை பார்த்துக்கொண்டு கேட்பவர்களுக்கு இரண்டாவது வசதி. ஆனால் 2019இன் மூன்றாம் பருவத்துக்கு இங்கே வேறு கணக்கு இருந்தது. இலங்கையின் சக்தி ரீவியில் செய்தி வாசித்த லொஸ்லியாவும் யாழ்ப்பாணத்துத் தர்ஷனும் அந்த வீட்டுக்குள் "கதைக்கிறது" என்று சொன்னபோது அந்தச் சொல் சென்னை அலைவரிசை ஒன்றில் நூறு நாள் புழங்கியது. கூர்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், வாரங்கள் போகப் போக "கதைக்கிறது" குறைந்து "பேசுறது" கூடியது. அதை யாரும் வெட்டவில்லை, தானாக நடந்தது.

பாட்டுப் போட்டிகளில் கேட்பதை அப்படியே நம்பக்கூடாது. மண்டபத்தில் பாடியது பல தடங்களாகப் பதிவாகி, பிறகு கலவை செய்து, சுருதி திருத்தித்தான் வீட்டுக்கு வரும். நடுவர் கண்ணீர் விடும் காட்சி அந்தப் பாட்டுக்குத்தான் வந்ததா என்பதும் நிச்சயமில்லை. 2023 டிசெம்பரில் ஸீ தமிழ் சரிகமப லிட்டில் சாம்பியன்ஸில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்றபோது இங்கே வெடி கொளுத்தாத குறை. அந்தப் பிள்ளையின் குரல் திருத்தம் எதுவும் இல்லாமலே நிற்கக்கூடியது. அதைச் சோதிக்க வழி இருக்கிறது: தாளமும் கோரஸும் நின்று குரல் மட்டும் தனியே வரும் இடத்தைக் கேளுங்கள், முக்கியமாக ஒரு சொல்லின் கடைசி எழுத்தை. திருத்திய குரலில் அந்த எழுத்து வழவழ என்று தட்டையாக முடியும். திருத்தாததில் சின்னதாக ஒரு நடுக்கம் இருக்கும்.

எங்கள் அலைவரிசைகளுக்கு வருவோம். சக்தி 1998இல் இருந்து, வசந்தம் 2009இல் இருந்து, ரூபவாஹினிக் குடும்பத்தில் நேத்ரா. ஒளிபரப்பு வசதி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டுச் செய்கிற மரபும் உலகத் தமிழில் எவருக்கும் குறையாமல் இருந்தது. பாட்டுக்குப் பாட்டு இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் நடத்திய விளையாட்டு, பிறகுதான் அது கடல் கடந்து சன் ரீவிக்குப் போனது. எழுபதுகளில் வானொலியில் போன கோமாளிகளின் கும்மாளம் நாடகத்தில் எஸ். ராம்தாஸின் மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார், ராஜகோபாலின் அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், செல்வசேகரனின் உபாலி சிங்களம் கலந்த தமிழ், அப்துல் ஹமீத் ஐயர் தமிழ். ஒரு மைக்குக்கு முன்னால் நாலு தமிழ், யார் பேசுகிறார் என்று பெயர் சொல்லவே தேவையில்லை. "என்ன அண்ணி, வாசல்ல நிக்கிறீங்க" என்ற சிரமம் அங்கே இல்லை.

அந்த மரபு வந்து முடிந்திருக்கும் இடம் இரவுச் செய்தி. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய அறிக்கையைத் தமிழாக்கி வாசிக்கிறார்கள் என்பது முதல் வசனத்திலேயே காதில் விழும். வசனம் முப்பது சொல்லுக்கு நீளும். அமைச்சரின் முழுப் பதவிப் பெயர் முன்னால், எந்த இடத்தில் எந்த வைபவத்தில் என்பது நடுவில், அவர் சொன்னது என்ன என்பது கடைசியில், அதற்கும் பின்னால் "எனவும் அவர் மேலும் தெரிவித்தார்". கேட்பவர் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் போய்விடும். ஒரு பந்தியில் "தெரிவித்தார்" நாலு தடவை வந்தால் அது வாசிப்பவரின் பிழை இல்லை, எழுதியவர் வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கவில்லை. திருத்துவது கடினமே இல்லை: "கிண்ணியாவில் புதிய பாலம் வருகிறது" என்று செய்தியை முதலில் சொல்லிவிட்டு, யார் சொன்னார் என்பதை அடுத்த வசனத்துக்குத் தள்ளினால் போதும். பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போனால் வெட்டு.

அறிவிப்பாளர்களின் குரலிலும் ஒரு மாற்றம். காலை நிகழ்ச்சிகளில் "சொல்லுங்க", "வாங்க பார்க்கலாம்" என்று சென்னை இழுப்பு ஏறிவிட்டது. தொலைபேசியில் அழைக்கும் நேயர் "நான் திருக்கடலூரில இருந்து கதைக்கிறன்" என்கிறார், நிலையத்தில் இருப்பவர் "ஓகே சொல்லுங்க" என்கிறார். இரண்டு பேரும் ஒரே நாடு என்று யார் சொல்லுவார்? உள்ளூர் நாடகம் எப்போதாவது வந்தால் அதிலும் பேச்சு யாழ்ப்பாணமாகவோ கொழும்பாகவோ இருக்கும். பிறகு என்பதற்கு "மறுகா" என்று ஒருவர் இயல்பாகச் சொல்லி, அதற்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் போடாத கிழக்கு மாகாண நாடகம் அபூர்வம். வாப்பா, உம்மா, ராத்தா என்று கூப்பிடும் வீடும் அப்பா, அம்மா, அக்கா என்று கூப்பிடும் வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஊர் இது. அந்த வேலியடிப் பேச்சை மட்டும் ஒரு கையடக்க மைக்கில் பதிந்தால்கூட அரைமணி நாடகம் கிடைக்கும். செலவு கூடிய கமெராவுக்கு ஆசைப்படுகிறவர்கள் நல்ல மைக் வாங்குவதில்லை.

இதையெல்லாம் கேட்பதற்கு முதலில் ஒலி ஒழுங்காக வர வேண்டும். எஸ்எல்ரியின் பியோ ரீவி தொலைபேசி இணைப்பு வழியே வருவதால் மழைக்கு அஞ்சாது, இணைப்புப் பழுதுக்குத்தான் அஞ்சும். டயலொக் ரீவியின் டிஷ்ஷுக்கு வானிலைதான் எதிரி. அதன் செய்மதி 45 பாகை கிழக்கில் இருக்கிறது. திருகோணமலையில் இருந்து பார்த்தால் மேற்கில், சற்றுத் தெற்கே சாய்ந்து, வானத்தில் ஏறக்குறைய 47 பாகை உயரத்தில். டிஷ் அவ்வளவு நிமிர்ந்து தெரியாது. அலையைப் பக்கவாட்டில் வாங்கும் வடிவம் என்பதால் முகம் தாழ்ந்திருப்பதுபோல் தோன்றும், அதைக் கையால் தூக்கிவிடப் போகாதீர்கள். நகரத்து வீடுகளுக்கு அந்தப் பார்வைக்கோடு பெரும்பாலும் உள்துறைமுகத்துக்கு மேலால் போகிறது. மாரியில் கோணேசர் மலைப்பக்கம் வெளித்திருக்க, சீனன்குடாப் பக்கம் கறுத்தால் படம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான். படம் முதலில் உடையும், குரல் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வருகிற தரவில் பெரும்பங்கு படத்துக்கே என்பதால் அடியும் அதற்கே அதிகம்.

மழை விட்டுப் பத்து நிமிடத்துக்குப் பிறகும் வராவிட்டால் மழையைக் குறை சொல்லாதீர்கள். டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும் அலைவாங்கியான எல்என்பியின் திருகுமுனையை உப்புக் காற்று தின்றிருக்கும். கழற்றிப் பார்த்தால் நடுக் கம்பியில் பச்சை பூத்திருக்கும். ஒரு விரற்கடை வயரை வெட்டி எறிந்து, புதிய முனை போட்டு, தானாக ஒட்டும் றப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் மடிப்புக்குள் தண்ணீர் தங்கும். சாதாரண கறுப்பு நாடா கடற்கரை வெயிலில் ஒரு கோடைக்குத் தாங்காது.

ரீவிப் பெட்டிக்குள்ளும் சில வேலைகள். மெல்லிய ரீவிகளின் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்திருக்கும். சுவரில் மாட்டினால் வசனம் சுவரில் பட்டுத்தான் வரும். கண்ணாடி அலுமாரியில் வைத்தால் டமார் ஒவ்வொன்றுக்கும் கோப்பை கிலுங்கும். ஒலிப் பகுதியில் "சரவுண்ட்" இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஐந்து கோடு உள்ள ஈக்வலைசர் இருந்தால் 100 ஹேர்ட்ஸை மூன்று நாலு படி இறக்கி, 1,000, 3,000 ஹேர்ட்ஸ் இரண்டையும் இரண்டு படி ஏற்றுங்கள். பேச்சின் தெளிவு அங்கேதான் இருக்கிறது, காற்றாடியின் உறுமலும் பின்னணி இசையின் அடியும் கீழே இருக்கின்றன. எச்டி அலைவரிசையில் படம் பார்க்கும்போது சண்டை காதைப் பிளந்து வசனம் மட்டும் முணுமுணுத்தால், செற்-டொப் பெட்டியின் ஒலி வெளியீட்டை "பிசிஎம்" அல்லது "ஸ்டீரியோ" என்று மாற்றிப் பாருங்கள். "ஓட்டோ வொலியூம்" விளம்பரத்தின் கத்தலை அடக்கும், ஆனால் வசன இடைவெளியில் உள்ள அமைதியையும் தூக்கி இரைச்சலாக்கிவிடும். செய்திக்கு அது நல்லது, மெட்டி ஒலி போன்ற நாடகத்துக்கு ஆகாது. விளம்பரத்துக்குக் கையாலேயே குறைப்பவர்கள் பிறகு கூட்ட மறந்துவிடுவார்கள். மறந்தால் போவது பெரிதாக ஒன்றுமில்லை. விளம்பரம் முடிந்து வரும் முதல் அரை நிமிடத்தில் அதற்கு முன் காட்டிய ஏழு முகத்தையும் திரும்பத்தான் காட்டுவார்கள்.